மரியாதைக்கு ஓர் ஐந்து ஒன்பது ஒன்பது

ஜப்பானில் சகாதா என்ற ஊரில் சலவைக் கடை வைத்திருந்த குனியோவுக்கு ஐம்பது வயதில் பொறாமை வந்தது. வாலிபத்தில் வந்திருக்க வேண்டியது. வேலைப் பளுவில் தள்ளிப் போட்டுவிட்டாரோ என்னவோ, வந்தபோது வட்டியும் முதலுமாக வந்தது. அதுவும் முகத்தைப் பார்த்திராத, குரலைக்கூடக் கேட்டிராத ஒருத்தன் மேல்.

குனியோ மோசமான ஆள் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் சீருடை, கோயில் பூசாரியின் அங்கி, மீன்சந்தை ஏலக்காரரின் கோட்டு எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். கஞ்சி அளவில் ஒரு குறை சொல்ல முடியாது. ஊரெல்லாம் கலர் டிவி வாங்கிய காலத்தில் அவர் வீட்டில் மட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியே இருந்தது, ஏனென்றால் கையில் சேர்ந்ததெல்லாம் கடைக்குப் பின்னறையில் இருந்த ரேடியோவுக்குப் போனது. கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. வாயால் பேசுவதும் இல்லை, மோர்ஸ். புள்ளியும் கோடுமாகத் தட்டுவது. அலைபரப்பும் பெட்டியைக் கல்யாணமான புதிதில் தன் கையாலேயே வால்வு வால்வாகச் செருகிக் கட்டினார். அதைத் தொட்டால் அவருக்குப் பிள்ளையைத் தொட்டதுபோல.

இந்த ஆட்டத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் வேலை, எதிராளியின் சிக்னல் எப்படி வந்து சேருகிறது என்று சொல்வது. அதற்கு மூன்று எண். முதல் எண், எழுத்து புரிகிறதா என்பதற்கு. ஐந்து என்றால் ஒன்றும் தவறவில்லை. இரண்டாவது, சத்தத்தின் பலத்துக்கு. ஒன்பது வரை போகும். மூன்றாவது, சத்தத்தின் சுத்தத்துக்கு; அதுவும் ஒன்பது வரை. ஆக, ஐந்து ஒன்பது ஒன்பது என்றால் நூற்றுக்கு நூறு. யாருக்கு யார் மார்க்கைக் குறைப்பது, எதற்கு வம்பு என்று நாளாவட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறே போட ஆரம்பித்தார்கள். எதிராளி கிணற்றுக்குள்ளிருந்து முனகுகிற மாதிரிக் கேட்டாலும் ஐந்து ஒன்பது ஒன்பது. அதைச் சொன்ன வாயோடு, "தங்கள் பெயர் விழவில்லை, இன்னொரு முறை" என்று கேட்பார்கள். வெட்கமே கிடையாது. ஒன்பதை முழுசாகத் தட்ட நான்கு கோடும் ஒரு புள்ளியும் வேண்டும். அதற்கும் சோம்பல்பட்டு ஒரு கோடு, ஒரு புள்ளி என்று சுருக்கிவிட்டார்கள். பொய் சொல்வதிலும் அவசரம்.

குனியோவின் மனைவி ஹருயே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பல வருஷமாக இஸ்திரி போட்டவள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த புள்ளியும் கோடும் அவள் காதில் விழுந்து விழுந்து, ஒரு நாள் அர்த்தமாகிவிட்டது. சாப்பாட்டு வேளையில் சாதாரணமாகச் சொன்னாள்.

"காலையில பேசினீங்களே ஒருத்தரு, அவரு ஊர்ல மழைன்னாரு. நீங்க என்னமோ 'நல்ல வெயிலா, சந்தோஷம்'னு அனுப்பினீங்க."

குனியோவின் கையில் சாப்ஸ்டிக் அப்படியே நின்றது. பிறகு அவள் ரேடியோ லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதினாள், முதல் தடவையே தேறினாள். குனியோ இரண்டாம் தடவை தேறியவர், அதை யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரிக்கும் லைசென்ஸ் வந்தாச்சு" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அதுவரை பொறாமை இல்லை.

ஒரு பெண்ணின் பெயர் காற்றில் கேட்டதும் நாடு முழுக்க ஆண்கள் மொய்த்தார்கள். ஹருயே ஒரு தடவை கூப்பிட்டால் பத்துப் பேர் ஒன்றாகக் கூச்சலிடுவார்கள். எல்லாரும் ஐந்து ஒன்பது ஒன்பது கொடுத்தார்கள், கூடவே தேனொழுக நாலு வார்த்தை. அப்போதும் குனியோவுக்குப் பொறாமை இல்லை. இந்த வழிசல் கூட்டத்தை அவருக்குத் தெரியும். அவரே அந்தக் கூட்டத்தில் நின்றவர்தானே.

பொறாமை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை விடுமுறை. ஹருயே பின்னறையில் மோர்ஸ் தட்டும் விசைமுன் உட்கார்ந்திருந்தாள். குனியோ இந்தப் பக்கம் ஒரு கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஹொக்காய்டோவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நெமுரோவிலிருந்து தெஷிமா என்று ஒருவன் அவளுக்குப் பதில் கொடுத்தான். நிதானமான கை. ஐந்து, ஏழு, ஏழு என்று ஒவ்வொரு எண்ணையும் சுருக்காமல் முழுசாகத் தட்டினான்.

குனியோவின் விரலில் ஊசி ஏறியது.

தெஷிமா அதோடு விடவில்லை. ஜப்பானிய எழுத்துகளுக்கென்றே தனி மோர்ஸ் உண்டு, அதில் வீட்டுக் கதையெல்லாம் பேசலாம். அதற்கு மாறி, "உங்கள் ஒலியில் கோழிக்குஞ்சு கத்துகிறது. ஒவ்வொரு கோடும் தொடங்கும்போது கொஞ்சம் வழுக்குகிறது. தவறாக நினைக்க வேண்டாம்" என்று அனுப்பினான். விசையை அழுத்தும் கணத்தில் மின்சாரம் தளர்ந்தால் சத்தம் நேராக நிற்காமல் கீச்சென்று வளையும். அதைத்தான் ரேடியோக்காரர்கள் கோழிக்குஞ்சு என்பார்கள். பெட்டி கட்டியவனுக்கு அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது.

ஹருயே வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?" என்றார் குனியோ, விரலைச் சப்பிக்கொண்டே.

"இல்லீங்க, இத்தனை மாசத்துல இவரு ஒருத்தருதான் நிஜமாக் காது குடுத்துக் கேட்டிருக்காரு."

"காதா? அவன் ரிசீவர் ஓட்டை. என் செட்டுக்கு எவனாவது ஒம்போதுக்குக் கீழ போட்டிருக்கானா இதுவரைக்கும்? ஓகினாவாலேருந்து போட்டிருக்கான் ஒம்போது!"

"அந்த ஓகினாவாக்காரருக்கு நீங்க என்ன போட்டீங்க?"

"அஞ்சு ஒம்போது ஒம்போது."

"நல்லாக் கேட்டுச்சா?"

"நாலாவது தடவைலதான் ஊர் பேரே புரிஞ்சுது. அது வேற விஷயம்."

"அதே விஷயந்தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் விசைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் தெஷிமா வந்தான். கடலோரத்தில் கடற்பாசி காய வைப்பது, பனிப்பாறை மிதந்து வருவது, அவன் வீட்டுப் பூனை என்று என்னென்னவோ பேசினான். குனியோவுக்கு அந்தக் கதையெல்லாம் பொருட்டில்லை. ஆரம்பத்தில் வரும் அந்த மூன்று எண்தான் உறுத்தியது. ஒரு நாள் ஐந்து ஐந்து ஏழு, இன்னொரு நாள் நான்கு ஐந்து எட்டு. வானம் எப்படியோ அப்படி, காதில் விழுந்தது எதுவோ அது. ஹருயேவும் அவனுக்கு அதேபோலத் திருப்பிச் சொன்னாள். ஒரு நாள் அவனுக்கு மூன்று நான்கு ஒன்பது போட்டாள். குனியோ சந்தோஷப்பட்டார். ஆனால் அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம், நேற்று அடித்த காற்றில் என் ஆன்டெனாக் கம்பி சரிந்துவிட்டது, கண்டுபிடித்துவிட்டீர்களே" என்று சிரித்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கிறவனுக்குத்தான் தெரியும் வயிற்றெரிச்சல்.

"அவனுக்கு என்ன வயசு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கேக்கலையே."

"கல்யாணமாயிடுச்சா?"

"சிக்னலைத்தாங்க கேட்டேன், சாதகத்தையா கேட்டேன்?"

அடுத்த ஞாயிறு ஹருயே உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு போய் விசைமுன் உட்கார்ந்தாள். குனியோ பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ரேடியோவுக்கு யாராவது உதட்டுச்சாயம் பூசுவார்களா?

"எங்கேயாவது கிளம்பறியா?"

"இல்லையே."

"அப்ப இதெல்லாம் எதுக்கு?"

"பூசிக்கிட்டா நிமிந்து உக்காரத் தோணுது. நிமிந்து உக்காந்தா கை ஆடாம நிக்குது. நீங்களும் வேணா பூசிப் பாருங்க."

குனியோவுக்குக் காதில் புகை வந்தது. கடைசியாக அவள் தனக்காக உதட்டுச்சாயம் பூசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. பூசியிருந்தாலும் தான் கவனித்திருப்போமா என்ற கேள்வி எழுந்தது, அதை உடனே அமுக்கிவிட்டார்.

இவரும் சும்மா இருக்கவில்லை. ஹருயேவின் மனதைத் திருப்ப ஒரு நாள் சமையல்கட்டுக்குள் நுழைந்து தானே மீன் சுட்டார். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. அவள் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"அஞ்சு ஒம்போது ஒம்போதுங்க" என்றாள் ஹருயே, முகம் மாறாமல், மரியாதையாக.

அவள் கேலிக்குச் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா தெரியாது. குனியோ தன் தட்டை நகர்த்தி வைத்தார். தெஷிமாவுக்கு அவள் காதில் விழுந்ததைச் சொல்கிறாள். தனக்கோ, ஊர்பேர் தெரியாத வழிப்போக்கனுக்குப் போடுவதைப் போடுகிறாள். மீன் கரியென்று திட்டியிருந்தால்கூட நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். கூட்டத்தில் ஒருத்தனாகத் தன்னையும் நிறுத்திவிட்டாள் என்று உறைத்தது. அன்று முழுக்க அவர் இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் கழுத்துப் பட்டையில் மடிப்பு விழுந்தது.

தெஷிமா பொய்யன் என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் முடிவு கட்டினார். பேச்சை வளர்க்கத்தான் அந்த ஆள் இல்லாத கோழிக்குஞ்சைக் கிளப்பிவிட்டிருக்கிறான். ஆனால் நிரூபிப்பது எப்படி? தன் சிக்னலைத் தானே கேட்க யாராலும் முடியாது. தட்டும்போது காதில் விழுவது பக்கத்தில் இருக்கும் பஸ்ஸரின் சத்தம்தான். காற்றில் போவது எப்படிப் போகிறதென்று தூரத்தில் இருப்பவன் சொன்னால்தான் உண்டு. அப்படியானால் தூரத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிறு காலை, "எய்சாகு அண்ணன் தோட்டத்துல முலாம்பழம் பறிக்கணுமாம், கூப்பிட்டாரு" என்று சொல்லிக் கிளம்பினார். பையில் சின்னதாக ஒரு ரேடியோ கைப்பெட்டி, பேட்டரி, கம்பிச் சுருள், விசை. பை தோளை இழுத்தது.

"முலாம்பழத்தக் கொண்டுட்டு வருவாங்க. நீங்க என்ன கொண்டுட்டுப் போறீங்க?" என்றாள் ஹருயே.

"சோறு."

"நான் சோறே கட்டலையே" என்றாள்.

எய்சாகு அவருடைய பெரியப்பா மகன். ஆற்றைத் தாண்டி மணல்மேட்டில் முலாம்பழம் போட்டிருந்தார். குனியோ வந்ததும் வராததுமாகக் காற்றுத் தடுப்புக்கு நட்டிருந்த பைன் மரத்தில் கல்லைக் கட்டிக் கம்பியை வீசினார். எய்சாகு பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்னடா இது?"

"ஹருயேவோட சிக்னல் எப்படி வருதுன்னு பாக்கணும் அண்ணே."

"அவ வீட்டுலதானே இருக்கா? பக்கத்துல உக்காந்து பாக்க வேண்டியதுதானே."

"பக்கத்துலேருந்து தெரியாது."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பச் சொல்றான் பாரு! பொண்டாட்டியை ஒட்டுக்கேக்க ஆத்தைத் தாண்டிப் பேட்டரி தூக்கிட்டு வந்த ஆளு ஜப்பான்லயே நீ ஒருத்தன்தான்டா" என்று சொல்லிக்கொண்டே எய்சாகு பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பழம் பறிக்கும் எண்ணம் அவருக்கும் போய்விட்டது.

குனியோ காதுக்கருவியை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நெமுரோ வந்தது, தூரத்தில், அலை அலையாக. ஹருயேவைக் கூப்பிட்டது. பிறகு அவள் பதில் கொடுத்தாள்.

முதல் கோட்டிலேயே கேட்டுவிட்டது. கீச். அடுத்த கோட்டில் கீச். தட்டுகிற ஒவ்வொரு கோடும் நேராக நிற்கும் முன் ஒரு நெளி நெளிந்துதான் நின்றது. குனியோ அலையைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். கோழிக்குஞ்சு அங்கேயேதான் கத்திக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு பண்ணையே. இருபது வருஷமாக வடக்கே ஹொக்காய்டோவிலிருந்து தெற்கே ஓகினாவா வரை இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆயிரம் பேர் அவருக்கு ஒன்பது போட்டிருக்கிறார்கள். வெட்கத்தில் அவருடைய காது மடல் சுட்டது.

அதோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பொறாமைக்காரன் பாதியில் எழுந்து போக மாட்டான்.

"பெட்டியின் குறையை உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா?" என்று தெஷிமா கேட்டான்.

"சொன்னேன். உங்கள் ரிசீவர் ஓட்டையாம்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புக்கான புள்ளிகள் வந்தன. பிறகு அவன், "பெட்டி எப்படியோ, கை அருமையான கை. போன வாரத்தைவிட இடைவெளி நன்றாக விழுகிறது" என்றான்.

ஹருயே மெதுவாகத் தட்டினாள். "எங்கள் வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை. என்ன செய்தாலும் எனக்கு ஐந்து ஒன்பது ஒன்பதுதான்."

மீன் சுட்ட அன்று தனக்கு அவள் போட்டதைத்தான் அவர் இத்தனை நாள் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தார். தான் அவளுக்குப் போட்டவை ஒவ்வொன்றாக இப்போது வந்து நின்றன. புதுக் கிமோனோ எப்படி? நல்லாருக்கு. தலைமுடியை வெட்டிக்கிட்டேனே? நல்லாருக்கு. பரீட்சையில தேறிட்டேன். நல்லது. அவள் முதன்முதலாகத் தட்டிக் காட்டி, என் கை எப்படிங்க என்று கேட்டாளே, அதற்கும் சட்டையிலிருந்து தலையை எடுக்காமல், அஞ்சு ஒம்போது ஒம்போது என்றாரே. அதை அவள் தெஷிமாவிடம் போய்ச் சொல்கிறாள். தெஷிமா கேட்டுக்கொள்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் அவனிடம்தான் சொல்வாள், வீட்டில் பேச ஒன்றும் மிச்சமிருக்காது.

"என்னடா, முகம் செத்துப்போச்சு?" என்றார் எய்சாகு.

குனியோ விசையை முழங்காலில் வைத்துக்கொண்டு, இடைவெளி கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டார். கைப்பெட்டியின் பலம் ஒரு டார்ச் விளக்குக்குக்கூடப் போதாது. ஆனாலும் ஹருயே பிடித்துவிட்டாள். அவர் அழைப்புக்குறியை, அதாவது காற்றில் அவருக்குள்ள பெயரை, திருப்பித் தட்டி, "சொல்லுங்கள்" என்றாள்.

உன் சத்தத்தில் கோழிக்குஞ்சு இருக்கிறது, தப்பு என் பெட்டியில், உன் கையில் இல்லை. இதைத்தான் அவர் சொல்ல நினைத்தார். மனதில் வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தார். ஆனால் இருபது வருஷமாக ஒரே பொய்யைத் தட்டிப் பழகிய கை. மூளை வருவதற்குள் அது முந்திக்கொண்டு, சுருக்கி, அவசர அவசரமாக ஐந்து ஒன்பது ஒன்பது என்று தட்டிவிட்டது.



"நன்றி" என்று வந்தது ஹருயேவின் பதில். கூடவே, முடிக்கும்போது வழிப்போக்கர்களுக்குச் சொல்கிற வாழ்த்து எண். ஒரு புள்ளி கூடுதலில்லை. அவள் மறுபடி நெமுரோவைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

குனியோ தன் கையைப் பார்த்தார். வெட்டிப் போடலாம் போலிருந்தது. தெஷிமா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அடுத்தவர் பேச்சின் குறுக்கே விழுவது இந்த ஆட்டத்தில் அநாகரிகம். குனியோ இதுவரை ஒரு தடவைகூடச் செய்ததில்லை. இப்போது விழுந்தார். எட்டுப் புள்ளி தட்டினார். எட்டுப் புள்ளி என்றால், இதற்கு முன் அனுப்பியது பிழை, அடித்துவிடு என்று அர்த்தம். மறுபடி எட்டுப் புள்ளி. மறுபடி எட்டு. எத்தனை வருஷத்துக்கான பிழை என்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை, கை வலிக்கும்வரை தட்டினார். பிறகு ஒவ்வொரு எண்ணையும் சுருக்காமல், ஐந்து, எட்டு, ஆறு என்றார். "கோழிக்குஞ்சு. என் பெட்டி. உன் கை நல்ல கை. நான் கேட்டதே இல்லை."

நெமுரோவுக்கு இவருடைய சிக்னல் எட்டவே இல்லை. தெஷிமா தன் பாட்டுக்கு, "உங்கள் பக்கம் என்ன நடக்கிறது? கேட்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பொறுங்கள்" என்று தட்டினாள் ஹருயே. "எங்கள் வீட்டுக்காரர்."

பிறகு குனியோவுக்குத் தட்டினாள். மூன்று, மூன்று, ஒன்பது. முழுசாக, நிதானமாக. "ரொம்ப மோசமாக வருகிறது. பாதி எழுத்து விழவில்லை. எட்டுப் புள்ளிக்கு அப்புறம் என்ன சொன்னீர்கள்? திரும்பச் சொல்லுங்கள்."

"என்னடா ஆச்சு?" என்று எய்சாகு அவர் தோளை உலுக்கினார். "மார்க் எவ்வளவு?"

"மூணு மூணு ஒம்போது அண்ணே. எனக்கு இவ்வளவு கம்மியா யாருமே போட்டதில்ல."

"அப்புறம் ஏன்டா பல்லைக் காட்டறே?"

குனியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டுப் புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக, வேண்டுமென்றே மெதுவாக. தெஷிமா காத்திருக்கட்டும்.